உபயம்: சின்னத்துரை

புருஷன் சமாதிக்குக் கல் வைத்துத் தருகிறேன் என்று சின்னத்துரை வீடு தேடி வந்தபோது, கற்பகம் செருப்பால் அடிப்பாள் என்றுதான் சிலமலையில் நினைத்தார்கள். அவள் சரியென்று தலையாட்டினாள்.

சின்னத்துரைக்கு ஆறு ஜீப்பு. விடியுமுன் சிலமலை, ராசிங்காபுரம் ஆட்களை அள்ளிக்கொண்டு போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குப் போகும். மூன்று வருஷத்துக்கு முன்னால் அதில் ஒன்று மலை வளைவில் உருண்டது. பத்துப் பேர் உட்காரும் வண்டியில் பத்தொன்பது பேர். கற்பகத்தின் மாமியார் மொக்கம்மாள் பாறையில் மோதி அங்கேயே செத்தாள். அதே ஜீப்பில் இருந்த கற்பகம் இடுப்பெலும்பு முறிந்து பிழைத்தாள்.

கிளம்பும்போது டிரைவர் ராக்கையா, "மொதலாளி, பிரேக்கு பிடிக்க மாட்டேங்குது" என்றது அவள் காதில் விழுந்தது.

"ஒரு நடை போயிட்டு வா. சாயங்காலம் பாத்துக்கிருவோம்" என்று சின்னத்துரை சொன்னதும் விழுந்தது.

ராக்கையாவும் செத்துப்போனான். செத்தவன் குடித்திருந்தான் என்று போலீஸ்காரர்கள் கேஸை முடித்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி கற்பகம் சொன்னது ஒன்று, அவர்கள் எழுதிக்கொண்டது வேறு.

பட்டாளத்திலிருந்து லீவில் வந்த அவள் புருஷன் விஜயகுமார் பன்னிரண்டு நாள் ஸ்டேஷனுக்கு நடந்தான். கடைசி நாள் போடி பஜாரில் சின்னத்துரை நாலு பேர் முன்னால் அவன் தோளில் கைபோட்டு, "நீ எல்லையைப் பாத்துக்க மாப்ளே. மலையை நாங்க பாத்துக்கிறோம்" என்று சிரித்தான்.

விஜயகுமார் பஸ் ஏறும்போது கற்பகத்திடம் மட்டும், "அடுத்த லீவுல வந்து இவனை விடமாட்டேன்" என்றான். அடுத்த தடவை கொடி போர்த்திய பெட்டியில் வந்தான். லடாக்கில் பனிச்சரிவு.

பெட்டிக்கு முன்னால் நடந்தது சின்னத்துரைதான். ஊரெல்லாம் ஒட்டிய கண்ணீர் அஞ்சலியில் விஜயகுமார் படத்தைவிட அவன் படம் பெரிசு. இப்போது உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்றதும் கல் ஞாபகம் வந்துவிட்டது.

"நல்ல கருங்கல்லா சொல்லியிருக்கேன் தாயி. வாசகம் நீயே எழுதிக் குடு, படிச்சவதானே. கடைசியில உபயம்னு என் பேரு மட்டும் வந்துரணும்."

"கண்டிப்பா வரும்" என்றாள் கற்பகம்.

சாம்சன் போடியில் கல்லறைக்கற்கள் வெட்டுகிறவர். அவள் நீட்டிய தாளை இரண்டு தரம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏத்தா, இது வம்பு."

"இதுல பொய் ஏதும் இருக்காண்ணே?"

அவர் தாளைக் கல்மேல் விரித்தார். "பொண்டாட்டியை அடிச்சே கொன்னவனுக்கெல்லாம் அன்புக் கணவர்னு வெட்டியிருக்கேன். இதை வெட்டுனா என்ன?" என்று சொல்லி உளியை எடுத்தார்.

முதல் வருஷ நினைவு நாளன்று காலையில் சாலையோரச் சுடுகாட்டில் சனம் கூடியது. முன்னாள் ராணுவத்தினர் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வரிசையாக நின்றார்கள். சின்னத்துரை துணியை இழுத்தான். ஓய்வுபெற்ற சுபேதார் முத்துப்பாண்டி கல்லைப் பார்த்து அணிவகுப்புக் குரலில் வாசிக்கத் தொடங்கினார்.

"ஹவில்தார் மொ. விஜயகுமார். நாட்டுக்காக லடாக் பனியில் உயிர்நீத்தார். இவருடைய தாய் மொக்கம்மாள், போடிமெட்டுச் சாலையில் சின்னத்துரையின் ஜீப்பில் இறந்தார். பிரேக் இல்லை என்று டிரைவர் ராக்கையா சொல்லியும் வண்டியை அனுப்பியவர் சின்னத்துரை. மகன் நியாயம் கேட்டார். கிடைக்கவில்லை."

பாதியிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் நிறுத்தவில்லை. கடைசி வரியையும் அதே குரலில் வாசித்தார்: "உபயம், சின்னத்துரை."

பிறகு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். மற்றவர்களும் வைத்தார்கள். ராக்கையாவின் பெண்டாட்டி அய்யம்மாள் கூட்டத்துக்குள்ளிருந்து ஓங்கி அழுதாள். சின்னத்துரை கையில் துணியோடு நின்றான். கற்பகம் அவன் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்துக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தாள்.

மறுநாள் கடப்பாரையோடு இரண்டு பேர் வந்தார்கள். முத்துப்பாண்டி கல்லுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "பட்டாளத்தான் கல்லுடா. தொட்டுப் பாரு" என்றார். அவர்கள் திரும்பிவிட்டார்கள்.

சின்னத்துரை தேர்தலில் நிற்கவில்லை. ஆனால் மலைக்குப் போகும் எந்த ஜீப்பும் கற்பகத்தை ஏற்றவில்லை. அவள் போடிக்குப் பஸ்சில் போய் ஒரு கடையில் ஏலக்காய் பொறுக்கினாள். நாளெல்லாம் குனிந்து உட்கார இடுப்பு விண்ணென்று தெறித்தது. போகட்டும் என்றிருந்தாள்.

ஆறு மாசம் கழித்துச் சின்னத்துரையின் மனைவி புஷ்பலதா வந்தாள். காதில் கழுத்தில் ஒன்றும் போடாமல், பின்வாசல் வழியாக வந்தாள்.

"பவதாரணியைப் பொண்ணு பாக்க வந்தவங்க, வழியில காரை நிறுத்தி அதைப் படிச்சிருக்காங்க. வீட்டுக்கே வராமத் திரும்பிட்டாங்க. எம்புள்ள என்ன பாவம் செஞ்சா கற்பகம்?"

"எங்கத்தை என்ன பாவம் செஞ்சாங்க?"

புஷ்பலதா தரையைப் பார்த்தாள். "அந்த ரெண்டு வரியை மட்டும் செதுக்கி எடுத்துரு. உன் கால்ல விழுறேன்."

"நீங்க விழ வேண்டாம். ராக்கையா குடிக்கலை, வண்டியை அனுப்புனது நான்தான்னு உங்க வீட்டுக்காரரை ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. அன்னைக்கே சாம்சன் அண்ணனைக் கூட்டிட்டு வர்றேன்."

"அவரு செய்ய மாட்டாரே."

"பொண்ணுக்காகக்கூடவா?"

புஷ்பலதா வந்த வழியே போனாள். பவதாரணியைக் கற்பகத்துக்குத் தெரியும். பஸ்சில் பார்த்தால் நகர்ந்து இடம்கொடுக்கிற பெண். அன்றைக்குப் பூராவும் கற்பகத்துக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கறுப்புப் பெயிண்டு டப்பாவோடு சுடுகாட்டுக்குப் போனாள். மழையில் வெளுத்திருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக நிரப்பினாள். சின்னத்துரை என்று வந்த இடங்களில் மட்டும், காயவிட்டு, இன்னொரு தரம் நிரப்பினாள்.