மஹ்ரூபின் கடையில் ஓடிய கார்

அன்று கண்டி கொட்டுகொடல்ல வீதியில் மஹ்ரூபின் கொம்பியூட்டர் கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கடைக்காரர் மஹ்ரூப். காசு மேசையில் அவருடைய தங்கை கைரியா. கோயில் விழா அறிவித்தல் அச்சடிக்க மை வாங்க வந்திருந்த ராஜலிங்கம். வாசலோரக் கதிரையில், யாரும் பெயர் கேட்டிராத, தெருவில் எல்லோரும் ‘மாத்தயா’, அதாவது சிங்களத்தில் ‘ஐயா’, என்று மட்டும் அழைத்த, புலனாய்வுக்காரர் என்று நம்பிய சிவில் உடை மனிதர் ஒருவர். பிறகு நான், நவரட்ணராஜா, ஓய்வுபெற்ற மதுவரி அத்தியட்சகர். வேறு ஒருவரும் அங்கு இல்லை. தாங்களும் நின்று பார்த்ததாக இன்று கதை சொல்கிறவர்கள் எவரும் அங்கே நிற்கவில்லை.

நான் அங்கு போன காரணத்தை முதலில் சொல்கிறேன்.

அது இரண்டாயிரத்து ஏழாம் ஆண்டு. யுத்தத்தால் யாழ்ப்பாணத்துக்கான ஏ-9 பாதை பூட்டியிருந்தது. என் தம்பியின் மகன் விவேகானந்தன் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து கண்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். நோர்வேயில் இருக்கும் தமக்கையிடம் போவதற்கு விசா வரும்வரை எங்களுடன் நிற்க வேண்டும். வயது இருபத்திமூன்று. அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். வந்த மறுநாளே நான் அவனைப் பொலிசில் பதிந்தேன். எங்கள் குடும்பத்தில் ஒளித்து வைத்து வாழும் பழக்கம் இல்லை. ஆனால் பதிந்த பிள்ளைகளும் காணாமற்போன காலம் அது. எங்கள் தெருவின் மேற்பக்கத்தில் வாடகைக்கு இருந்த இரண்டு பெடியன்களை ஒரு பின்னேரம் ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏற்றியவர்கள் யார் என்று கேட்ட இடத்திலெல்லாம் தெரியாது என்றார்கள். அதற்குப் பிறகு அவன் எங்களுடன் இருப்பதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. அவனிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: “கேற்றைத் தாண்டக் கூடாது.”

தாண்டினான். நாங்கள் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து, டவுனில் ஒரு நெற் கஃபேக்குப் போய் விளையாடிவிட்டு வருகிறான் என்பதை என் மனைவி லீலாதேவிதான் கண்டுபிடித்தார். நான் அவனைக் கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்டேன்.

“வீட்டில கொம்பியூட்டர் இருக்குத்தானே?”

“அது அவுஸ்திரேலியா அக்கா படிச்ச காலத்துக் கொம்பியூட்டர், பெரியப்பா. விளையாட்டைப் போட்டால் படம் இழுபடுது. வளைவு பிந்தித்தான் வருது. கார் முதல் பள்ளத்தில விழுது, வளைவு பிறகு வருது.”

“அதுக்காகச் சாகப் போறியோ?”

அவன் தலையைக் குனிந்துகொண்டு மெல்லச் சொன்னான். “நாள் முழுக்க அந்தச் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கேலாது பெரியப்பா. விசர் பிடிக்குது.”

நான் ஆயுள் முழுவதும் கசிப்பு என்ற கள்ளச் சாராயம் காய்ச்சுகிறவர்களைப் பிடித்த மனிதன். ஓர் ஆளை வெறும் கட்டளையால் எவ்வளவு நாள் கட்டிவைக்கலாம் என்பது எனக்குத் தெரியும். அவனுக்குக் கேற்றின் உள்ளே ஒரு காரணம் வேண்டும். மறுநாள் காலையில் கேட்டேன்.

“அந்தப் படம் இழுபடாமல் இருக்க என்ன வேணும்?”

“கிராபிக்ஸ் கார்ட் ஒண்டு போடவேணும்.” அவன் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கையே இல்லை.

“என்ர பென்சனுக்குள்ள அடங்குமோ?”

“பாத்து எடுத்தால் அடங்கும்.”

எப்படிப் பார்த்து எடுப்பது என்பதை அவன் சொல்லித் தந்தான். எழுதித் தர நான் விடவில்லை. அவனுடைய கையெழுத்து என் சட்டைப்பையில் இருந்து வீதிச் சோதனைத் தடையில் யாராவது கண்டால், அது யாருடையது என்று கேட்பார்கள். வாயால் கேட்டு மனத்தில் வைத்துக்கொண்டேன். எங்கள் கொம்பியூட்டர் பெட்டியில் நீளமான துளை இருக்கிறது, அதற்குப் பொருந்தும் கார்ட்டாக இருக்க வேண்டும். எங்கள் பெட்டியின் பவர் சப்ளை பலமில்லாதது, ஆகவே தனியாக மின்சார வயர் கேட்கும் கார்ட் வேண்டாம். கார்ட் வரும் மட்டைப் பெட்டியின் வெளியே பெரிய எழுத்தில் போட்டிருக்கும் மெமரியைக் கண்டு ஏமாறக் கூடாது.

“கடைக்காரர் ஐந்நூற்றிப்பன்னிரண்டு எண்டு காட்டுவினம் பெரியப்பா. மெமரி கூட, கார்ட்டின்ர மூளை சின்னன். இருநூற்றைம்பத்தாறு போதும். மூளை பெரிசோ எண்டு பாருங்கோ. மொடல் இலக்கத்தின்ர நடு எண்ணைப் பாருங்கோ, அதுதான் சொல்லும்.”

மஹ்ரூபின் கடைக்கு நான் போனபோது அவர் கண்ணாடி மேசையில் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் வாளேந்திய பெண்ணின் படம் பளபளத்தது.

“சேர், இது ஐந்நூற்றிப்பன்னிரண்டு எம்.பி. வெலையும் கொறவு. எல்லாரும் இதத்தான் எடுக்கிற.”

“மற்றதைக் காட்டும்.”

“அது இருநூத்தைம்பத்தாறு தான் சேர். மெமரி பாதி, வெல கொஞ்சம் கூட. நஷ்டம் உங்களுக்குத்தான்.”

“வயர் தனியாய்க் கேக்குமோ?”

மஹ்ரூப் ஒரு கணம் என்னை உற்றுப் பார்த்தார். “கேக்காது சேர். ரெண்டும் கேக்காது.”

அப்போதுதான் ராஜலிங்கம் மைப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். கோயில் பரிபாலன சபையில் என்னுடன் இருந்தவர். கெட்ட மனிதர் அல்ல. வாய்க்குக் கதவு போடாத மனிதர்.

“என்ன அண்ணை, இது விளையாட்டுச் சாமான் எல்லோ? மகளும் அவுஸ்திரேலியாவில. வீட்டில நீங்களும் அக்காவும்தானே. ஆருக்கு உது?”

அவர் அதைத் தமிழில்தான் கேட்டார். ஆனால் வாசல் கதிரையிலிருந்த மாத்தயாவுக்குத் தமிழ் விளங்கும் என்பது தெரு முழுவதும் தெரிந்த விடயம். அவர் பத்திரிகையை மடித்து மடியில் வைத்தார்.

“எனக்கு” என்றேன்.

ராஜலிங்கம் சிரித்தார். “உங்களுக்கோ? சும்மா பகிடி விடாதேங்கோ அண்ணை.”

“எனக்கு எண்டு சொன்னால் எனக்கு.”

மாத்தயா எழுந்து வந்தார். சிங்களத்தில், மரியாதையாகவே கேட்டார். “ஐயாவா விளையாடுகிறீர்கள்? இந்த வயதில்?”

“ஓய்வுபெற்ற மனிதனுக்கு நேரம் இருக்கிறது” என்று நானும் சிங்களத்தில் சொன்னேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சோதனைக்குப் போன வீடுகளில் பொய் சொன்னவர்கள் எல்லோரையும் நான் ஒரே விதத்தில்தான் கண்டுபிடித்திருக்கிறேன். கேட்காததற்கும் அவர்கள் விளக்கம் சொல்வார்கள்.

மாத்தயா மேசையின் ஓரத்தில், வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காக மஹ்ரூப் வைத்திருந்த கொம்பியூட்டரைப் பார்த்தார். திரையில் சுடுவதற்குத் துவக்கு ஏந்திய ஒருவன் நின்றுகொண்டிருந்தான்.

“எங்கே, கொஞ்சம் விளையாடிக் காட்டுங்களேன்” என்றார். “நானும் பார்க்க ஆசைப்படுகிறேன்.”

கைரியா காசு எண்ணுவதை நிறுத்திவிட்டாள். அந்த மனிதருக்கு நான் பொய்யன் என்று பட்டால், அன்று பின்னேரமே எங்கள் கேற்றடியில் யாராவது நிற்பார்கள். வீட்டுக்குள் சுவரைப் பார்த்தபடி என் தம்பியின் ஒரே மகன் இருந்தான்.

மஹ்ரூப் எனக்கு முன்னால் குனிந்தார். “இது சரியா வேல செய்யாது சேர், வேறொண்டு போட்டுத் தாறன்” என்று சொல்லிக்கொண்டே துவக்குக்காரனை மூடிவிட்டுக் கார் ஓட்டும் விளையாட்டைத் திறந்தார். எதற்கு என்று நான் அவரிடம் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. தன் விரலால் நாலு பொத்தான்களைத் துடைப்பதுபோல் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிவிட்டு விலகினார்.

நான் கதிரையில் அமர்ந்தேன். மலைப்பாதை ஒன்றில் என் கார் நின்றது. மற்றக் கார்கள் சீறிக்கொண்டு போயின. நான் மெல்ல எடுத்தேன். முப்பது வருடம் இலாகா ஜீப்பில் கடுகண்ணாவைக் கணவாயை ஏறியிறங்கியவன் நான். இடப்பக்கத்தை விட்டு விலகவில்லை. ஒரு வளைவு வந்தது. காரைத் திருப்பினேன், படம் நின்றது, மறுபடி வந்தபோது கார் வேலியை உரசிக்கொண்டிருந்தது. வேகத்தை இன்னும் குறைத்தேன்.

பின்னால் ராஜலிங்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. “அண்ணை, மாட்டு வண்டிலும் உங்களை முந்தும்!”

மாத்தயா சிரிக்கவில்லை. “ஐயா லைசென்ஸ் எடுக்கப் போவதுபோல ஓட்டுகிறீர்கள்” என்றார். “விளையாடுகிறவர்கள் இப்படி ஓட்ட மாட்டார்கள். ஏன் இவ்வளவு மெதுவாக?”

விவேகானந்தன் வீட்டில் எனக்குச் சொன்னது அப்படியே என் நாவில் வந்தது. நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னேன்.

“இந்தப் பெட்டியில் கார்ட் இல்லை. படம் இழுபடுகிறது. கார் முதலில் போகிறது, வளைவு பிறகு வருகிறது. முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத பாதையில் நான் வேகமாக ஓட்டுவதில்லை. என் வீட்டுப் பெட்டியிலும் இதே குறை. அதற்குத்தான் மெமரி குறைந்தாலும் மூளை பெரிய கார்ட்டைக் கேட்கிறேன்.”

மாத்தயா மஹ்ரூபைப் பார்த்தார். மஹ்ரூப் உடனே தலையசைத்தார். “சேர் சொல்றது சரி மாத்தயா. இந்தப் பெட்டியில கார்ட் போடல்ல. வெளங்கின ஆள்தான் இப்பிடிக் கேப்பாங்க.”

மாத்தயா இன்னொரு முறை திரையைப் பார்த்தார். அங்கே என் கார் இடப்பக்கமாக, மிகச் சரியாக, எல்லோருக்கும் கடைசியாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் பத்திரிகையை அக்குளில் செருகிக்கொண்டு வெளியே போனார்.

மஹ்ரூப் இருநூற்றைம்பத்தாறைப் பெட்டியில் வைத்து மூடினார். “ஆள் அனுப்பவா சேர்? வீட்ட வந்து போட்டுத் தருவாங்க.”

“வேண்டாம். நானே போடுவன்.”

கைரியாதான் பில்லை நீட்டினாள். “ஒங்கட பேருக்கே எழுதி ஈக்கி சேர். தடையில கேட்டா காட்டுங்க.”

கார்ட்டை விவேகானந்தனே பொருத்தினான். அன்றிலிருந்து விசா வரும்வரை அவன் கேற்றைத் தாண்டவில்லை. நான் கேட்டது அவ்வளவுதான்.

ராஜலிங்கம் கதையைக் கோயிலில் சொன்னார். கோயிலிலிருந்து அது கடைத்தெருவுக்குப் போனது. எங்கள் வீட்டிலிருந்து வெடிச்சத்தம் கேட்கிறது என்று பக்கத்து வீட்டார் சொன்னது அதற்குச் சாட்சியாகியது. நவராத்திரிக்குக் கொஞ்ச நாள் முன்பு, சபைச் செயலாளர் பெரியதம்பி என்னைப் பார்க்க வந்தார். மாணவர் பேச்சுப் போட்டிக்கு ஒவ்வொரு வருடமும் நான்தான் தலைமை. அவர் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு தேநீரைக் கலக்கிக் கலக்கி இருந்தார்.

“அண்ணை, சனம் ஒவ்வொண்டு கதைக்குது...”

“என்ன கதைக்குது?”

“நீங்கள் கொம்பியூட்டரில துவக்கு விளையாட்டு விளையாடிறியளாம். சின்னப் பிள்ளையளின்ர போட்டி. அதுகளின்ர தாய் தேப்பன்மார்...”

அவர் வசனத்தை முடிக்கவில்லை. உள் அறையிலிருந்து வெடிச்சத்தம் கேட்டது. ஒன்றன்பின் ஒன்றாகப் பல வெடிகள். லீலாதேவி அடுப்படி வாசலில் உறைந்து நின்றார். பெரியதம்பி சாத்தியிருந்த கதவைப் பார்த்தார், பிறகு எதிரே இருந்த என்னைப் பார்த்தார்.

“உள்ள ஆர் அண்ணை?”

“ஒருத்தரும் இல்லை” என்று எழுந்தேன். “நிப்பாட்டாமல் வந்திட்டன். இருங்கோ, நிப்பாட்டிப் போட்டு வாறன்.”

உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ஆள் வந்தது தெரியாமல் விளையாடத் தொடங்கிய விவேகானந்தனுக்கு எங்கள் பேச்சுக் கேட்டுவிட்டது. சத்தத்தை நிறுத்திவிட்டு எழுந்து நின்றான்.

“பெரியப்பா, நான் வெளியில வந்து சொல்லிறன். உங்கட பேர் கெடுது.”

“என்ர பேரை நான் பாத்துக்கொள்ளுவன். நீ இரு.”

வெளியே வந்தபோது பெரியதம்பி எழுந்து நின்றிருந்தார். அவருக்கு என் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. “இந்த வருஷம் வேற ஆரையும் கேக்கட்டோ அண்ணை?” என்றார்.

“கேளுங்கோ.”

அவர் போன பிறகு லீலாதேவி அழுதார். “ஒரு சொல்லுச் சொன்னால் முடியிற விஷயம். இப்பிடித் தலைகுனிஞ்சு நிக்க வேணுமே?”

“நான் குனியேல்லை” என்றேன். “சொல்லாதை. ஒருத்தருக்கும் சொல்லாதை.”

எங்கள் தகப்பனார் பெயரில் இருக்கும் மதிப்பு ஒரு பேச்சுப் போட்டிக் கதிரையில் இல்லை. அவருடைய பேரன் உயிரோடு இருப்பதில் இருக்கிறது. அடுத்த வருடம் தைப்பொங்கல் முடிந்தபின் விசா வந்தது. விடியற்காலையில் அவனை விமான நிலையத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். தடைகளில் இறங்கிய இடமெல்லாம் அவனுக்கு முன்னால் நான் நடந்தேன். இன்று அவன் நோர்வேயில் இரண்டு பிள்ளைகளின் தகப்பன். கார்ட் இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது.

யுத்தம் முடிந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. வீட்டில் பெடியன் ஒருவனை வைத்திருந்த விடயத்தைச் சொல்லும் தைரியம் வேறு விடயம். சொல்ல வேண்டிய தேவை வேறு விடயம். தேவை இப்போதுதான் வந்தது. கோயில் சபை வெளியிட்ட ஆண்டு விழா மலரில் முன்னாள் உறுப்பினர்களைப் பற்றிய பகுதியில், என் படத்துக்குக் கீழே, “ஓய்வுக்குப் பின் கணினி விளையாட்டுகளில் மிகுந்த நாட்டம் கொண்டு இரவு பகலாக விளையாடி வந்தவர்” என்று அச்சிட்டிருக்கிறார்கள். அன்போடுதான் எழுதியிருக்கிறார்கள். அச்சில் வந்துவிட்டால் என் பேரப்பிள்ளைகளும் அதையே நம்புவார்கள்.

அது பிழை. நான் என் ஆயுளில் ஒரேயொரு தடவைதான் கொம்பியூட்டரில் விளையாடினேன், மஹ்ரூபின் கடையில், கார் ஓட்டி, கடைசியாக வந்தேன். எங்கள் வீட்டில் விளையாடியவன் என் தம்பியின் மகன் விவேகானந்தன்.