அண்ணி சொன்னது மூணு மிளகாய்

அண்ணி மூன்று மிளகாய்தான் போடச் சொன்னாள். கொழுந்தன் ஒன்பது போட்டுவிட்டான், அதுவும் விதையோடு.

அவன் லிஃப்ட் மெக்கானிக். மூன்று வருடமாக அண்ணன் வீட்டு முன்னறையில்தான் ஜாகை. ஞாயிற்றுக்கிழமைகளில் வெங்காயம் உரித்து, பாத்திரம் துலக்கி அண்ணிக்குக் கைகொடுப்பான். வேறு எதற்கும் கைகொடுத்ததில்லை. அண்ணன் அடிக்கும் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டு காதில் பாட்டை மாட்டிக்கொள்வான். புருஷன் பெண்டாட்டி விவகாரம், நமக்கெதற்கு என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்வான்.

அண்ணன் ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றும் ஆட்களுக்கு மேஸ்திரி. சூப்பர்வைசர் ஆகிவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தான். அன்று மதியம் ஒரு மணிக்கு மேனேஜர் சாப்பிட வருவதாக இருந்தது. அவருக்கு சிப்ஸுக்குத் தொட்டுக்கொள்ளும் சல்சா என்றால் உயிர் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மூன்று நாளாக அண்ணன் அண்ணியின் காதில் அதையே ஓதினான்.

தக்காளி, வெங்காயம், மல்லித்தழை, மிளகாய், எலுமிச்சைச் சாறு எல்லாம் சேர்த்துப் பிசறிய கலவையை அண்ணி விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாள். உடனே இருமினாள்.

"எத்தனை போட்ட?"

"ஒன்பது. பாக்க சின்னதா இருந்துச்சு அண்ணி."

"மேனேஜரை விருந்துக்குக் கூப்பிட்டிருக்கோமா, பழிவாங்கக் கூப்பிட்டிருக்கோமா?"

சிரித்தவளுக்கு உதட்டோரம் இழுத்தது. வியாழக்கிழமை கிழிந்த இடம் இன்னும் ஆறவில்லை. அவன் பார்வையைத் தக்காளிக் கூடைக்குத் திருப்பிக்கொண்டான்.

"தண்ணி ஊத்திடலாமா?"

"ஊத்தினா சப்புனு போயிடும். மிளகாயே போடாம இன்னொரு பங்கு செஞ்சு இதோட கலந்துடலாம். காரம் பாதியாயிடும்."

கூடையில் ஆறு தக்காளி மிச்சம் இருந்தது. அவன் வேகவேகமாக நறுக்கினான். அண்ணி கரண்டி நுனியால் பழைய கலவையிலிருந்து விதைகளைப் பொறுக்கினாள். கனிந்த மாம்பழம் ஒன்றைப் பொடியாக அரிந்து வைத்தாள். ஒரு சிட்டிகை சர்க்கரை எடுத்தாள். இனிமேல்தான் எல்லாவற்றையும் கலக்க வேண்டும்.

அதற்குள் அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டபடி உள்ளே வந்தான். சிப்ஸ் ஒன்றை எடுத்து, இன்னும் கலக்காத பழைய காரக் கிண்ணத்தில் தோய்த்து வாயில் போட்டான்.

மென்றான். கழுத்து வரை சிவந்தது. தொட்டியில் துப்பிவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.

"என் பொழைப்புல மண்ணைப் போடணும்னே செஞ்சியா?" குரல் தாழ்ந்துதான் இருந்தது.

பதில் வருவதற்குள் அவள் தலைமுடியைப் பிடித்து அலமாரிக் கதவில் மோதினான். ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. பிறகு கிண்ணத்தில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி, அவள் வாயில் அப்பித் தேய்த்தான். கிழிந்த உதட்டின் மேலேயே தேய்த்தான். அவள் கத்தவில்லை. மூச்சுதான் விசில் மாதிரி வந்தது.

"அண்ணே, மிளகா போட்டது நான்."

"உன் ரூமுக்குப் போடா."

அவன் கால் நிஜமாகவே திரும்பியது. வாசற்படி வரை போனவன், என்ன தோன்றியதோ, திரும்பி வந்து அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தான். முழங்கை ஒன்று முகத்தில் இறங்கியது. முன்பல் உடைந்து நாக்கில் குத்தியது. கிண்ணம் விழுந்து நொறுங்க, ஈரத்தில் வழுக்கி இருவரும் தரையில் உருண்டார்கள். அண்ணன் அவன் குரல்வளையில் முட்டியை வைத்து அழுத்தினான். கண் இருட்டிக்கொண்டு வந்தபோது கைக்கு நறுக்கும் பலகை அகப்பட்டது. அதை எடுத்து அண்ணன் தோளில் ஓங்கி அடித்தான். அடுத்தது காதில் விழுந்தது. அண்ணன் சரிந்தான்.

"போதும், விட்டுடு," என்றாள் அண்ணி.

அவன் இன்னொரு அடி அடித்தான். அந்த அடி சுகமாக இருந்தது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. பலகையைக் கீழே போட்டான். அண்ணன் மிளகாய்க் கையாலேயே கண்ணைக் கசக்கிவிட்டு அலறிக்கொண்டிருந்தான்.

மேனேஜர் கேக் பெட்டியோடு வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். போலீசுக்குப் போன் செய்தவர் அவர்தான்.

ஸ்டேஷனில் ஏட்டு அண்ணியிடம் கேட்டார். "இதுக்கு முன்னாடி அடிச்சிருக்காராம்மா?"

அவள் ஐஸ் சுற்றிய துணியை உதட்டில் அழுத்திப் பிடித்திருந்தாள்.

"மூணு வருஷமா அடிக்கிறார் சார். நான் பக்கத்து ரூம்ல இருந்தேன். எல்லாம் கேட்டுட்டுதான் இருந்தேன்," என்றான் அவன்.

அவள் துணியை எடுத்தாள். "எனக்கும் கேக்கும். ஒவ்வொரு தடவையும் நீ கதவு சாத்துற சத்தம்."

அண்ணனுக்கு ஒரு காது கேட்காமல் போனது. இரண்டு வருடச் சிறையும் கிடைத்தது. தம்பி மேலும் வழக்கு இருந்தது. அதில் அண்ணிதான் சாட்சி. அன்று நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். இவன் தன்னைக் காப்பாற்றினான் என்றாள். போதும் என்று தான் சொன்ன பிறகும் ஒரு அடி அடித்தான் என்றும் சொன்னாள்.

நீதிபதி அவனைப் பார்த்து, "நிஜமா?" என்றார்.

"நிஜம்தாங்க."

அவனுக்கு மூன்று மாதம் கிடைத்தது. அண்ணி தன் அக்கா வீட்டோடு போய்விட்டாள். தண்டனை முடிந்து வெளியே வந்த அன்று அவன் போன் செய்தான். அவள் எடுத்தாள், நலம் விசாரித்தாள். வீட்டுக்கு மட்டும் வர வேண்டாம் என்றாள். சரி என்று வைத்துவிட்டு, வேலை கேட்கப் பழைய கம்பெனிக்கு நடந்தான்.