கடலுக்குள் வந்த போன்

“விழுந்த தடவையெல்லாம் திரும்பிக் கரையைப் பார்த்துட்டுத்தான் விழுந்திருக்கீங்க அக்கா,” என்றாள், கடலில் பலகைமேல் நின்று துடுப்புப் போடப் பயிற்சி கொடுக்கும் பெண். “தூரமா பாருங்க. காலையும் பார்க்காதீங்க, கரையையும் பார்க்காதீங்க.”

அக்கா தலையாட்டினாள். தலையாட்டிவிட்டு உடனே கரையைப் பார்த்தாள். அங்கே ஒரு குடைக்குக் கீழே பைகள் சூழக் கணவரும் பிள்ளைகளும் இருந்தார்கள். பைகளைக் கட்டியவள் அவள். மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். எந்த மருந்து எந்தத் தட்டில் என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுத்துத் தருவாள். வீட்டிலும் அதே வேலைதான், சம்பளம்தான் கிடையாது.

கழுத்தில் தண்ணீர் புகாத உறைக்குள் போன் தொங்கியது.

“இது எதுக்குக்கா?”

“அவங்க கூப்பிட்டா?”

“அவங்க அங்கதானே இருக்காங்க?”

“அதான்,” என்றாள் அக்கா. அதற்குமேல் எப்படி விளக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கூட்டமில்லாத கடற்கரை. அலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. நீளமான அந்தப் பலகையில் முதலில் மண்டியிட்டாள், பிறகு துடுப்பை ஊன்றி மெல்ல எழுந்தாள். இந்த முறை விழவில்லை. துடுப்பை இழுத்தாள், பலகை நகர்ந்தது. பயமா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எதையோ மறந்துவிட்டு வந்த மாதிரியும் இருந்தது. அடுப்பை அணைத்தோமா? இங்கே அடுப்பு ஏது?

பயிற்சிக்காரப் பெண் சற்றுத் தள்ளி விழுந்து கிடந்த இன்னொருவரைத் தூக்கிவிடப் போனாள். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

கணவர்தான். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். ‘வண்டியில ஏறினா போனைத் தொடாதே’ என்பது, வருகிறவர்களிடமெல்லாம் அவர் பாடுகிற பல்லவி. அவள் பதறிப்போய் உட்கார்ந்து, துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் போனைப் பிடித்தாள்.

“குட்டியோட துண்டு எங்க வச்சே?”

“நீலப் பை. பக்கத்து ஜிப்பு.”

“இல்லையே.”

“அது பெரிய நீலம். சின்ன நீலத்துல பாருங்க.”

“ஜிப்பு திறக்க மாட்டேங்குது.”

“அது முரண்டு பிடிக்கும், மெதுவா இழுங்க.”

“ஆங், கிடைச்சுது. பிஸ்கட்டு?”

மடியில் துடுப்பு இல்லை. எப்போது நழுவியது என்றே தெரியவில்லை. கை எட்டாத தூரத்தில், யாருக்கோ சொந்தமானது போல மிதந்து போய்க்கொண்டிருந்தது. காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசியது. பலகையும் அதே பக்கம்தான் போனது.

“பிஸ்கட்டு துண்டுக்கு அடியில,” என்றாள். இதைச் சொல்வதா வேண்டாமா? சொன்னால் அவர் பதறுவார். அவர் பதறினால் பிள்ளைகள் அழுவார்கள். அழுதால் சமாதானப்படுத்த அவள் அங்கே இல்லை. “அப்புறம்... ஒண்ணுமில்ல. துடுப்பு கையை விட்டுப் போயிடுச்சு. நீங்க முதல்ல குட்டிக்குத் தலையைத் துவட்டி விடுங்க.”

“சரி சரி,” என்று வைத்துவிட்டார்.

துடுப்பு போனால் என்ன செய்வது என்று பயிற்சிக்காரப் பெண் சொல்லியிருந்தாள். அந்த நேரம் அக்கா கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது பார்த்தால் குடை ஒரு பொட்டாகத் தெரிந்தது. இறங்கி நீந்துவதா? கத்துவதா? கத்தினால் எல்லோரும் பார்ப்பார்களே. அப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது. பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுபடி போன் அடித்தது. “துடுப்பு போச்சுன்னா சொன்னே?” அவர் குரல் வறண்டிருந்தது. குட்டி மகளின் பாதித் தலை துவட்டிய பிறகுதான் அவருக்கு உறைத்திருக்கிறது. துண்டோடு அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, கடலோரமாகவே ஓடிப் பயிற்சிக்காரப் பெண்ணைக் கத்திக் கூப்பிட்டார். அந்தப் பெண் வழியில் துடுப்பையும் பொறுக்கிக்கொண்டு போய் அக்காவைக் கரை சேர்த்தாள்.

“துடுப்பு போனவுடனே சொல்றதுக்கென்ன? பிஸ்கட்டைப் பத்திப் பேசிட்டிருக்கே?” என்று கணவர் சீறினார்.

“நீங்க பிஸ்கட்டைத்தானே கேட்டீங்க?”

அவர் அவள் கழுத்திலிருந்த போனை மெல்லக் கழற்றினார். “ஊருக்கெல்லாம் பாடம் சொல்றேன். நடுக்கடல்ல நிக்கிற உனக்கு நானே போன் போட்டிருக்கேன்.”

“அம்மா, என் செருப்பு எங்க?” என்றான் பெரியவன். பழக்கதோஷம், அவள் வாய் தானாகத் திறந்தது.

“அவளைக் கேட்காதே, தேடு,” என்றார் கணவர். “வருஷா வருஷம் உங்கம்மாவை லீவுக்குக் கூட்டிட்டு வர்றோம்டா. ஒரு வருஷம்கூட அவளுக்கு லீவு குடுத்ததில்ல. வீட்டு வேலை மொத்தத்தையும் மூட்டை கட்டி அவ தலையில வச்சுக் கூட்டிட்டு வந்தா, அதுக்குப் பேரு லீவா? வீடு எல்லாருக்கும்னா வேலையும் எல்லாருக்கும்தான். இது எனக்கு இன்னைக்குத்தான் புத்தியில ஏறுது.” பிறகு அவளிடம், “பயமில்லைன்னா இன்னொரு தடவை போயிட்டு வா,” என்றார்.

அவர் நிஜமாகச் சொல்கிறாரா? முழங்கால் தண்ணீரில் அவள் குழம்பி நின்றாள். பிறகு பலகையில் ஏறினாள்.

“எந்தப் பக்கம் போலாம் அக்கா?” என்று கேட்டாள் பயிற்சிக்காரப் பெண்.

இடப்பக்கமும் கடல், வலப்பக்கமும் கடல். அக்கா மாறி மாறிப் பார்த்தாள்.

“தெரியலையேம்மா,” என்றாள். “இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல.”