மரத்தடிக் காவல்

“வலப்பக்கம் முதல்ல ஊத்து,” என்றாள் உம்மா. சலேஹா செம்பில் தண்ணீர் மொண்டு ஹபீபா மாமியின் வலது தோளில் மெல்ல ஊற்றினாள். மாமியின் மய்யித்தைக் கடைசியாகக் குளிப்பாட்ட வந்திருந்த பெண்கள், பதினாலு வயசுப் பிள்ளை பயந்துகொள்ளும் என்று அவளை வெளியே அனுப்பப் பார்த்தார்கள். அவள் போகவில்லை. மாமியிடம் அவளுக்கு என்ன பயம்?

வாப்பாவின் அக்கா ஹபீபா மாமி. விதவை, பிள்ளை கிடையாது. சலேஹா பெரியமனுஷியானதும் வாப்பா படிப்பை நிறுத்தப் பார்த்தபோது, “நான் கூடப் போறேன்டா” என்று சொன்னது மாமிதான். அன்றிலிருந்து தினமும் திரை போட்ட ரிக்‌ஷாவில் இருவரும் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போனார்கள். பள்ளி விடும்வரை மாமி வாசல் மரத்தடியில் குடையோடு உட்கார்ந்து வெற்றிலை மெல்லுவாள்; தோட்டக்காரனோடு சண்டை போடுவாள். வெள்ளைக்காரப் பெரிய டீச்சரே அவளுக்குக் குட்மார்னிங் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவாள். மாமி ஒரு “ம்” கொடுப்பாள், பெரிய மனசு பண்ணி.

நேற்று சாயங்காலம் அஸர் தொழுகையில், சஜ்தாவுக்குக் குனிந்து நெற்றியைத் தரையில் வைத்தவள் எழுந்திருக்கவில்லை.

கற்பூரத் தண்ணீர் ஊற்றி, கபன் துணி சுற்றி முடித்ததும் ஆண்கள் மாமியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வீடு திடீரென்று பெரிதாகிவிட்டது. சலேஹா வாய்விட்டு அழுதாள், போதும் போதும் என்கிற வரைக்கும். அப்புறம் முகம் கழுவிக்கொண்டாள். டிசம்பரில் பரீட்சை. அது முடிந்ததும் டீச்சர் வேலைக்குப் படிக்க வேண்டும். படிப்போம் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அடக்கிவிட்டுத் திரும்பிய வாப்பா நாற்காலியில் சாய்ந்தார். கண் சிவந்திருந்தது.

“அக்கா போயிட்டாங்க. இனிமே இவளை யாரு கூட்டிட்டுப் போறது? படிச்சது போதும்லா.”

“நான் தனியா போவேன் வாப்பா. வழியெல்லாம் எனக்குத் தெரியும்.”

“வழி தெரிஞ்சா போதுமா? சூலியா தெருவுல கடை வச்சிருக்கேன். நாலு பேரு என்னைத்தான் கேப்பாங்க.”

“கேட்டா, எம்மவ டீச்சருக்குப் படிக்கிறான்னு சொல்லுங்க.”

அடி விழும் என்று நினைத்தாள். வாப்பா அடிக்கவில்லை. முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

உம்மா சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பினாங்கில் கப்பலை விட்டு இறங்கிய நாளிலிருந்து கல்யாண வீடு, மௌத்து வீடு தவிர வேறு வாசல்படி மிதிக்காதவள். வாப்பா பேசும்போது குறுக்கே ஒரு வார்த்தை பேசியது கிடையாது. இப்போதும் அவரிடம் பேசவில்லை. கதவு மூலையில் சாய்த்திருந்த மாமியின் குடையை எடுத்து விரித்துப் பார்த்தாள். ஒரு கம்பி வளைந்திருந்தது. அதை நிமிர்த்திக்கொண்டே மகளைக் கேட்டாள்.

“அந்த மரத்தடியில மத்தியானம் வெயில் அடிக்குமா?”

வாப்பா துண்டை விலக்கினார்.

“அடிக்கும் உம்மா,” என்றாள் சலேஹா. “மாமி அப்ப கொஞ்சம் நகந்து உக்காருவாங்க.”

உம்மா தலையசைத்தாள். குடையை மடக்கி, பழைய மூலையில் வைக்காமல், சலேஹாவின் புத்தகப் பைக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.