காற்றடித்த சனிக்கிழமை

அன்று மாலை காற்று அடித்ததா இல்லையா என்று எர்வின் ஸ்வொபோடாவால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அடித்தது என்று அவர் பலரிடம் பலமுறை சொல்லியாகிவிட்டது. சொல்லச் சொல்ல அந்தக் காற்றுக்கு ஒரு சத்தம்கூட வந்துவிட்டது. பப்ளிமாஸ் மரங்களுக்கிடையே புகுந்து வந்து, வண்டியின் பக்கவாட்டுக் கூடாரத் துணியை ஒருமுறை படபடக்க வைத்துவிட்டு ஆற்றுப்பக்கம் போய்விடும் சத்தம். ஆனால் அதே மாலையைப் பற்றி அவருக்குள் இன்னொரு காட்சியும் இருந்தது. நடன மண்டபத்துக்கு வெளியே நீள மேசைகள். மேசைகளின் மேல் காகிதத் தட்டுகள், காகிதக் கைத்துண்டுகள். அவற்றில் ஒன்றுகூட அசையவில்லை.

அவரும் மனைவி டெலோரஸும் நெப்ராஸ்காவில் பனி இறங்கும் முன்பே வீட்டு வண்டியை எடுத்துக்கொண்டு டெக்ஸஸின் அடிமுனைக்கு வந்துவிடுவார்கள். பண்ணையை விற்று வாங்கிய வண்டி. படுக்கையறை, அடுப்பு, குளியலறை எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. குளிருக்கு ஒதுங்கி வருகிறவர்களின் வண்டி முகாமில் அவர்களுக்கென்று ஒரே இடம்தான், வருடா வருடம். வந்து இறங்கியதும் மற்றவர்கள் தண்ணீர்க் குழாயை மாட்டுவார்கள், எர்வின் தொலைக்காட்சி டிஷ்ஷை எடுப்பார். முக்காலியை விரித்து, அதன் நடுவில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குடம் ஒன்றைக் கனத்துக்காகத் தொங்கவிட்டு, திசைகாட்டியை வைத்துத் தென்மேற்கே வானத்தைப் பார்ப்பார். அங்கே இருக்கும் செயற்கைக்கோள் கண்ணுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றை நோக்கி இத்தனை கவனமாகத் திருகாணியைத் திருப்புவது அவருக்குப் பிடித்திருந்தது. டெலோரஸ் உள்ளே தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்து திரையில் ஏறி இறங்கும் சிக்னல் எண்ணை ஜன்னல் வழியாகக் கத்துவாள்.

"அறுபது... அறுபத்தஞ்சு... போச்சு! என்னத்தைத் திருப்பின?"

"நான் தொடவே இல்ல!"

"அப்ப மூச்சு விட்டிருப்ப. மூச்சு விடாதே."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"படம் வர்ற வரைக்கும்."

அந்த அரைமணி நேரத்தில் பேசிக்கொள்வதுபோல அவர்கள் வேறெப்போதும் பேசிக்கொண்டதில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தவர்கள் ஒரு சுவருக்கு இருபுறமும் நின்று எண்ணைச் சொல்லிச் சொல்லிக் கடைசியில் ஒன்றாகக் கத்துவார்கள்: "வந்துருச்சு!"

அந்த வருடம் புதிதாக ஒரு பதிவுப் பெட்டி வாங்கியிருந்தார்கள். ஒரே நேரத்தில் இரண்டு நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும் என்று கடைக்காரர் சொன்னது உண்மைதான். ஆனால் அதற்கு டிஷ்ஷிலிருந்து இரண்டு கேபிள் வர வேண்டும். வண்டிக்குள் போக ஒரே ஒரு கேபிளுக்குத்தான் வழி வைத்திருந்தார்கள். இன்னொன்று போக வேண்டுமென்றால் பக்கச் சுவரில் துளை போட வேண்டும். பக்கத்து இடத்தில் மனைவி மார்ஜோடு தங்கியிருந்த ஓர்வல், ஐயோவாவில் பன்றிப் பண்ணை வைத்திருந்தவர், துளைப்பானைக் கையிலேயே கொண்டு வந்துவிட்டார்.

"விரல் தண்டி ஓட்டை, அவ்வளவுதான்யா. மேல பசையைப் பூசிட்டா மழைத்தண்ணி எட்டிப் பாக்காது."

"இந்த வண்டில ஓட்டை போடறதா இல்ல."

"வண்டியா இது, மாதாகோயிலா? மார்ஜ், இங்க வா, எர்வின் வண்டிக்குள்ள போகும்போது தொப்பியைக் கழட்டணுமாம்!"

எர்வினும் சிரித்தார், ஆனால் துளை போட விடவில்லை. பண்ணை கையைவிட்டுப் போன பிறகு கீறல் விழாமல் தன்னிடம் மிஞ்சியிருப்பது இது ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம். ஒரு கேபிளோடு நின்றுவிட்டது. அதனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பதிவாகும் என்பதை மட்டும் அவர் டெலோரஸிடம் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று நினைத்ததில்லை. சொல்லாமலே நாட்கள் போயின.

டெலோரஸின் தங்கை லிப்பி அதற்கு முந்தைய குளிர்காலத்தில் ஊரில் இறந்துபோனாள். அப்போதும் இவர்கள் இங்கேதான் இருந்தார்கள். போன் வந்ததும் எர்வின் வானிலைச் செய்தியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஓக்லஹோமா பூரா கண்ணாடி மாதிரி ஐஸ். இந்த வண்டி வழுக்கினா நாமளும் லிப்பி பக்கத்துலயே படுக்க வேண்டியதுதான்." ஐஸ் இருந்தது உண்மை. அடக்கத்துக்கு முன்பே சாலை திறந்துவிட்டதும் உண்மை. அது அவருக்கு மட்டும் தெரிந்த உண்மை. இத்தனை தூரம் ஓட்டிப் போய், குளிரில் நின்று, மறுபடி ஓட்டி வர அவருக்கு அலுப்பாக இருந்தது. டெலோரஸ் விமானத்தில் போகலாமே என்று கேட்கவில்லை. அவர் சொல்லட்டும் என்று காத்திருந்தாளோ என்னவோ. அவள் அன்று பகல் முழுவதும் துவைத்த துணிகளையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் டிசம்பர் கடைசியில் ஊரிலிருந்து அந்தப் போன் வந்தபோது அவள் முகம் அப்படி மலர்ந்தது. விவசாயிகளுக்கான சேனலில் பழைய போல்கா நடன நிகழ்ச்சிகளைப் போடுகிறார்கள். வரும் சனிக்கிழமை மாலை போடப்போவது இவர்கள் ஊர் மண்டபத்தில் எடுத்தது. அன்று டெலோரஸும் லிப்பியும் ஜோடியாக ஆடினார்கள். கேமராக்காரன் இவர்களை விட்டு நகரவேயில்லை என்று அப்போதே ஊரில் பேச்சு. நிகழ்ச்சி முதலில் ஒளிபரப்பானபோது இவர்கள் அறுவடையில் இருந்ததால் பார்க்கவில்லை. லிப்பியின் புகைப்படங்கள் இருந்தன. அசையும் லிப்பி வேறெங்கும் இல்லை.

"நீ பதிவு பண்ணிடு எர்வின். சனிக்கிழமை இங்க நடன மண்டபத்துல விருந்து, கொலாச்சி பன் பண்றது என் பொறுப்பு. நான் அங்க பரிமாறிக்கிட்டுதான் நிப்பேன். ஞாயித்துக்கிழமை காலைல நிதானமா உக்காந்து பாக்கறேன்."

"அதுக்குத்தானே பெட்டி வாங்கினது" என்றார் எர்வின்.

அதே சனிக்கிழமை மாலை நெப்ராஸ்காவின் ஃபுட்பால் ஆட்டமும் இருந்தது. அதை அவர் முன்பே பதிவுக்குப் போட்டு வைத்திருந்தார், ஆட்டம் நீண்டாலும் விட்டுப்போகாதபடி கூடுதலாக ஒரு மணி நேரம் சேர்த்து. விருந்துக்குக் கிளம்பும் முன் நடன நிகழ்ச்சியைச் சேர்த்தபோது திரையில் ஒரு கட்டம் எழுந்து நின்றது. இரண்டையும் பதிவு செய்ய முடியாது, எது வேண்டும் என்று கேட்டது. எர்வின் தொலையியக்கியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளியே டெலோரஸ், கொலாச்சித் தட்டுகளை, வீட்டு வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்து வந்திருந்த காரின் பின்சீட்டில் அடுக்கியபடி, "வர்றியா இல்லியா?" என்றாள். நடன நிகழ்ச்சிகளைச் சேனல்காரர்கள் திரும்பத் திரும்பத்தான் போடுவார்கள், ஆட்டத்தை யார் திரும்பப் போடப்போகிறார்கள் என்று அவருக்குள் ஒரு குரல் சொன்னது. ஐஸ் இருக்கிறது என்று சொன்ன அதே குரல். அவர் ஆட்டத்தின் மேல் அழுத்திவிட்டு, "வந்துட்டேன்" என்று எழுந்தார்.

மண்டபத்தில் அவர் யாரையும் ஆட்டத்தின் முடிவைச் சொல்ல விடவில்லை. டெலோரஸ் ஓர்வலோடு ஒரு பாட்டுக்கு ஆடினாள். ஓர்வல் முழங்கால் வலியோடு நொண்டிக்கொண்டே சுற்றியதைப் பார்த்து எல்லோரும் கைதட்டினார்கள். திரும்பி வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தவள், "நாளைக்குக் காட்டறேன் உங்களுக்கு, ஆடறதுன்னா என்னன்னு" என்று ஓர்வலையும் மார்ஜையும் காலைக் காப்பிக்கு அழைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் மாதாகோயிலுக்குப் போடும் நீலச்சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தாள். மிச்சமிருந்த கொலாச்சிகளைத் தட்டில் வைத்திருந்தாள். நால்வரும் உட்கார்ந்தார்கள். எர்வின் பதிவுப் பட்டியலின் மேல்பகுதியை மட்டும் காட்டினார், கீழே ஃபுட்பால் இருந்த பகுதிக்கு நகர்த்தவில்லை. நடனம் அதில் இல்லை.

டெலோரஸ் திரையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள்.

"காத்து" என்றார் எர்வின். "நேத்து சாயங்காலம் அடிச்ச காத்துல டிஷ் திரும்பிருக்கும்."

சொன்ன பிறகுதான் அது என்ன செய்யும் என்று அவருக்குப் புரிந்தது. ஓர்வலின் முகம் தொங்கிப்போனது. முக்காலியை அந்த வருடம் நட்டுக் கொடுத்தது ஓர்வல்தான். குடம் ஒன்று போதாது, இரண்டு கட்டலாம் என்று எர்வின் சொன்னபோது, நான் கட்டினால் யானை வந்தாலும் அசையாது என்று சிரித்ததும் அவர்தான்.

"ஆமா" என்றார் ஓர்வல் மெதுவாக. "கொஞ்சம் அடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. இல்ல மார்ஜ்? நாம மண்டபத்துல இருக்கும்போது. டெலோரஸ், ஏம்மா... ரெண்டாவது குடம் கட்டச் சொன்னான் இவன். நான்தான் பெரிய இவன் மாதிரி..."

"விடுங்க ஓர்வல். காத்துக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?"

அவள் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவத் தொடங்கினாள். தண்ணீர் ஓடும் சத்தத்தோடு, யாரிடமென்றில்லாமல் சொன்னாள்: "லிப்பி என்னைவிட ஒரு அடி முன்னாடியே வெப்பா, எப்பவும். தாளம் வர்றதுக்கு முன்னாடியே. அது நெஜமா, இல்ல நானா நெனச்சுக்கறேனான்னு பாக்கணும்னு இருந்தேன்."

மறுநாள் எர்வின் வேலி ஓரம்வரை நடந்துபோய், அங்கிருந்து அந்தச் சேனலுக்குப் போன் செய்தார். மறுமுனையில் இருந்த பெண் அன்பாகத்தான் பேசினாள். அந்த வரிசை சனிக்கிழமையோடு முடிந்தது, இனிமேல் போடும் உரிமை அவர்களிடம் இல்லை என்றாள். எடுத்த கம்பெனியைக் கேட்கலாம், அது இப்போது இருக்கிறதா என்று தெரியாது என்றாள். அவர் நன்றி சொல்லிவிட்டு, போனை மடித்த பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். வேலிக்கு அப்பால் கரும்பு வெட்டிய வயலில் கொக்குகள் மேய்ந்துகொண்டிருந்தன. போய்ச் சொல்லிவிடலாம். ஒரு பட்டனை அழுத்தினேன் என்று சொல்வது அத்தனை கஷ்டமா? ஆனால் பட்டனைச் சொன்னால் கேபிளைச் சொல்ல வேண்டும், கேபிளைச் சொன்னால் துளையைச் சொல்ல வேண்டும். அங்கிருந்து ஓக்லஹோமா ஐஸ் எத்தனை தூரம்?

அவர் திரும்பி வந்தபோது ஓர்வல் அவர்கள் இடத்தில் குழி தோண்டிக்கொண்டிருந்தார். முகாம் மேலாளரிடம் அனுமதி வாங்கிவிட்டாராம். இரும்புக் குழாய் ஒன்றும் சிமெண்ட் மூட்டையும் பக்கத்தில் கிடந்தன. முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். கழுத்தெல்லாம் சிவந்து வேர்வை ஓடியது.

"என்னய்யா இது? விடு."

"இனிமே புயல் வந்தாலும் உன் டிஷ் கண்ணைச் சிமிட்டாது. அவ முகத்தை என்னால பாக்க முடியல எர்வின். அந்தக் குழாயைப் பிடி."

எர்வின் பிடித்தார். ஓர்வல் சிமெண்டைக் குழைத்து ஊற்ற ஊற்ற, குழாய் அவர் கைகளுக்குள் கனத்துக்கொண்டே வந்தது. "ஓர்வல், ஒரு விஷயம்..." என்று தொடங்கினார்.

"பேசாம மட்டத்தைப் பாரு. சாஞ்சு நின்னா ஜென்மத்துக்கும் சாஞ்சுதான் நிக்கும்."

எர்வின் ரசமட்டத்தைக் குழாயோடு ஒட்டி வைத்து நடுவில் வந்து நிற்கும் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தார். நேராக இருந்தது. எந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாலும் நேராக இருந்தது. டெலோரஸ் இரண்டு பேருக்கும் எலுமிச்சைச் சாறு கொண்டுவந்து கொடுத்தாள். ஓர்வலின் தோளில் ஒருமுறை கையை வைத்துவிட்டுப் போனாள்.

சிமெண்ட் இறுகியதும் டிஷ்ஷை அதில் ஏற்றினார்கள். இந்த முறை உள்ளிருந்து எண்ணைச் சொன்னது மார்ஜ். டெலோரஸ் துணி துவைக்கும் அறைக்குப் போயிருந்தாள்.

ஆட்டத்தை அழித்திருக்க வேண்டும். அது எர்வினுக்குத் தெரியாமலில்லை. ஆனால் அவர் அதை இன்னும் பார்க்கவில்லை. டெலோரஸ் இல்லாத ஒரு பொழுதில் ஒருமுறை பார்த்துவிட்டு அழித்துவிடலாம் என்று வைத்திருந்தார். ஃபுட்பால் பட்டியலுக்குள் அவள் எதற்குப் போகப்போகிறாள்?

அந்த வாரத்தில் ஒருநாள் பிற்பகல் அவர் சீட்டாட்டம் முடிந்து வந்தபோது உள்ளே கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. டெலோரஸ் சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வாழ்நாளில் ஒரு ஆட்டத்தைக்கூட முழுதாகப் பார்த்திராதவள். மடியில் தொலையியக்கி. திரையில் சிவப்புச் சட்டைக்காரர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். மூலையில் சேனலின் கடிகாரம் சனிக்கிழமை மாலையைக் காட்டியது. நடனம் ஒளிபரப்பாகிக்கொண்டிருந்த நேரம். ஒரு புள்ளிகூட உடையவில்லை. ஒரு கோடுகூட நடுங்கவில்லை. புல்லின் ஒவ்வொரு இழையும் தெரிந்தது.

எர்வின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"படம் தெளிவா இருக்கு, இல்ல?" என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"உக்காரு. நீ இன்னும் பாக்கலியே."

அவர் உட்கார்ந்தார். இருவரும் ஆட்டத்தைக் கடைசிவரை பார்த்தார்கள். நெப்ராஸ்கா ஜெயித்தது. முடிந்ததும் திரையில் வழக்கமான கேள்வி வந்தது: அழிக்கவா, வைத்திருக்கவா. இடம் நிரம்பினால் பழையதைப் பெட்டி தானாகவே அழித்துக்கொள்ளும். 'எப்போதும் வைத்திரு' என்றிருந்ததைத் தேடி அழுத்திவிட்டு, டெலோரஸ் எழுந்து உருளைக்கிழங்கு சீவப் போனாள். அடுத்த வருடங்களில் எத்தனையோ பதிவாகி அழிந்தன. பட்டியலின் அடியில் அந்த ஒரு வரி மட்டும் அப்படியே இருந்தது. அவரும் அதைத் தொடவில்லை. அவளும் அதைப் பற்றிப் பேசவில்லை. டிஷ்ஷைச் சரிபார்க்க வேண்டிய அவசியமே அதன்பின் வரவில்லை.

ஓர்வல் இரண்டு கோடைகள் கழித்து ஐயோவாவில், தூக்கத்தில் இறந்துபோனார். எர்வினும் டெலோரஸும் அடக்கத்துக்கு வண்டியிலேயே போனார்கள், இரவெல்லாம் ஓட்டி. மார்ஜ் மகளோடு போய்விட்டாள். எர்வினுக்குக் கண்பார்வை மங்கிய பிறகு வீட்டு வண்டியை ஒரு கனடாத் தம்பதிக்கு விற்றார்கள். அதன் சுவரில் எங்கும் ஒரு துளை இல்லை. இப்போது இருவரும் ஊரில் முதியோர் குடியிருப்பில் இருக்கிறார்கள், லிப்பியின் கல்லறைக்கு நடந்து போகிற தூரத்தில். டெலோரஸ் ஞாயிறுதோறும் போகிறாள். சில நாள் அவரையும் கூப்பிடுகிறாள்.

முகாமிலிருந்து போன கிறிஸ்துமஸுக்கு யாரோ ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார்கள். அவர்களுடைய பழைய இடத்தில் வேறு யாருடைய வண்டியோ நிற்கிறது. குழாய் அப்படியே இருக்கிறது, ஊசி மாதிரி நேராக. அதன் உச்சியில் டிஷ் இல்லை. ஒரு மெல்லிய சங்கிலியில் தேன்சிட்டுகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கும் சிவப்புக் கிண்ணத்தை யாரோ தொங்கவிட்டிருக்கிறார்கள். எர்வின் பூதக்கண்ணாடியை வைத்து நெடுநேரம் பார்த்தார். அந்த மாலையின் காற்றைப் புகைப்படம் சொல்லாது என்று தெரிந்தும், சங்கிலி காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா என்று பார்த்தார்.