எல்லாரும் வழிவிட்ட வண்டி

“கண்ணைத் தொற! அடியே, கண்ணைத் தொறந்து பாரு, உயிரோடதான் இருக்கோம்!”

சின்னவள் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். இன்னொன்றைத் திறக்கத் தைரியம் வரவில்லை. முன்கண்ணாடி முழுக்க ஒரு லாரியின் மூஞ்சி. நடுவில் ஒரு கை நுழையும் இடம் இருந்தால் அதிகம். லாரிக்காரர் கதவைத் திறந்து பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டபடி கத்திக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, சந்துலேருந்து வர்ற, மெயின் ரோட்டுல யாரு வர்றான்னு பாக்க மாட்டியா? என்னமோ ஊர்வலம் போற மாதிரி நீ பாட்டுக்கு வர்ற!”

பக்கத்து இருக்கையில் இருந்த பயிற்சியாளர் தன் காலடியில் இருந்த பிரேக்கை இன்னும் விடாமல் மிதித்துக்கொண்டிருந்தாள். பயிற்சிக் காரில் இரண்டு பக்கமும் பிரேக் உண்டு. அவள் பக்கத்துப் பிரேக்குக்கு ஓய்வே கிடையாது. அதனால் பழகவரும் பிள்ளைகள் அவளுக்கு டபுள்பிரேக் அக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். லாரிக்காரரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டு, காரைப் பின்னால் எடுக்கவைத்து, ஓரமாக நிறுத்தச் சொன்னாள். தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பாதியைக் குடித்தாள். மீதியைச் சின்னவளிடம் நீட்டினாள்.

சின்னவள் அதை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள். பிறகு அவள் கேட்ட கேள்வியில்தான் அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“அவரு ஏன்க்கா நிக்கல?”

“அவரு எதுக்குடி நிக்கணும்?”

“நான் வர்றேன்ல?”

டபுள்பிரேக் அக்கா இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறாள். பிரேக்கென்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தவர்கள், கண்ணாடியில் பொட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே கம்பத்தில் மோதியவர்கள். இப்படி ஒரு மகாராணியை இதுவரை பார்த்ததில்லை. ஸ்டியரிங் பிடிப்பதில் குறை சொல்ல முடியாது. திருப்பத்தில் வண்டி வெண்ணெய் மாதிரி வழுக்கிப் போகும். பிரேக் போட்டால் மடியில் வைத்த தண்ணீர் தளும்பாது. ஆனால் ஹார்ன் இருக்குமிடமே தெரியாது. இரண்டாவது கியரைத் தாண்டமாட்டாள். யாருக்காகவும் நிற்கவும் மாட்டாள்.

“என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி யாருடி உனக்குக் கத்துக்குடுத்தது?”

“எங்கப்பாக்கா.”

“அப்பா என்ன வண்டி ஓட்டுறாரு? மந்திரி வண்டியா?”

சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, காதில் விழுந்தும் விழாமலும் சொன்னாள்.

“அமரர் ஊர்தி.”

டபுள்பிரேக் அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. டாஷ்போர்டு மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள்.

“அட கடவுளே! ஊரே ஒதுங்கி நிக்கிற வண்டியில பழகிட்டு வந்திருக்கியா நீ?”

அதுதான் விஷயம். மயானத்தில் இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு திரும்பும்போதெல்லாம் அப்பா பக்கத்து இருக்கைக்கு நகர்ந்துகொண்டு அவளை ஓட்டவிடுவார். வண்டி காலி என்பது அப்பாவுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். ரோட்டில் போகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? பஸ் நிற்கும். பைக்கில் பறக்கிற பையன்கள் கால் ஊன்றி நிற்பார்கள். போலீஸ்காரர் மற்ற வாகனங்களையெல்லாம் நிறுத்தி, போங்கள் என்று கை காட்டுவார். ஒருமுறை ஆர்வக்கோளாறில் அவள் ஹார்ன் பக்கம் கையைக் கொண்டுபோனபோது அப்பா, “யாரை எழுப்பப் போற?” என்று கேட்டார். அதோடு அந்தப் பக்கம் கை போகவில்லை. உலகத்தில் வண்டி ஓட்டுவதென்றால் இப்படித்தான் என்று அவள் நம்பிவிட்டாள்.

பள்ளிக்கூடத்தில் படித்தபோது, அப்பாவின் வண்டியை வைத்து அவளுக்கு ‘கடைசி பஸ்’ என்று பட்டப்பெயர். அதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அவளுக்கு வேறொரு ஆசை இருந்தது. வீடு வீடாகப் போய் நாய்களைக் குளிப்பாட்டி, முடிவெட்டி, நகம் நறுக்கிவிடும் வேன் ஒன்று அவர்கள் தெருவுக்கு வரும். அதை நடத்துகிற நாய்க்காரம்மாவுக்கு முட்டிவலி. ஓட்டுவதற்கு ஆள் தேடிக்கொண்டிருந்தாள். சின்னவள் போய்க் கேட்டாள். ஒரு முரட்டு நாயைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள் நாய்க்காரம்மா. அது சின்னவளின் மடியில் தலைவைத்துத் தூங்கிவிட்டது.

“நீதான் எனக்கு வேணும். ஆனா திங்கக்கிழமை லைசென்ஸோட வரணும்மா. இன்னொரு பொண்ணு கேட்டுட்டுப் போயிருக்கு. நாயைக் கண்டா அலறுது. ஆனா அதுக்கு லைசென்ஸ் இருக்கே, நான் என்ன பண்ண?”

டெஸ்ட் வெள்ளிக்கிழமை. லாரி விவகாரம் நடந்தது அதற்கு முந்தின வாரம்.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னபோது அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

“என்ன குறையாம் நான் கத்துக்குடுத்ததுல? என் வண்டியில ஏறினவங்க ஒருத்தராவது குறை சொல்லியிருக்காங்களா?”

“சொல்லிட்டாலும்!” என்றாள் அம்மா, துணி மடித்துக்கொண்டே. “அவ இனிமே உயிரோட இருக்கிறவங்களை ஏத்திக்கிட்டுப் போகணுமாம். நீங்க கொஞ்சம் வாயை மூடிக்கிட்டு இருங்க.”

“நாய்தானே ஏத்தப்போறா.”

“நாய் குலைக்கும்பா,” என்றாள் சின்னவள். “உங்க வண்டியில பின்னாடி ஒரு சத்தம் வருமா?”

“வந்தா நான் குதிச்சு ஓடிருவேன்,” என்று அப்பா சொன்னதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து டபுள்பிரேக் அக்காவின் வைத்தியம் ஆரம்பமானது. முதல் கட்டளை, அப்பா வண்டிப் பக்கமே போகக்கூடாது. இரண்டாவது, ரோட்டில் எவன் குறுக்கே வந்தாலும் வாய்விட்டு “நீங்க போங்க” என்று சொல்ல வேண்டும். சந்தை வாசலில் கூட்டம் அலைமோதுகிற நேரமாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போனாள். “நீங்க போங்க, நீங்க போங்க” என்று சொல்லிச் சொல்லிச் சின்னவளுக்குத் தொண்டை வறண்டது. தள்ளுவண்டிக்காரர் போனார், சைக்கிள் போனது, ஒரு பூனை போனது, போன பூனை திரும்பியும் வந்தது. பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹார்னிலேயே பாட்டு வாசித்தார். பிறந்ததிலிருந்து சின்னவளைப் பார்த்து யாரும் ஹார்ன் அடித்ததில்லை. முதல் நாள் அழுதேவிட்டாள்.

“அழுவாத. அவன் உன்னைத் திட்டல. நீ உயிரோட இருக்கேன்னு மதிச்சு அடிக்கிறான்,” என்றாள் அக்கா.

மருந்து அளவுக்கு மீறிப் போனது. புதன்கிழமை ஒரு திருப்பத்தில் சின்னவள் காரை நிறுத்தி, எதிர்ப்பக்கம் நின்ற நீலக் காரைப் பார்த்து, “நீங்க போங்க” என்றாள். அது போகவில்லை. சிரித்த முகத்தோடு காத்திருந்தாள். அக்காவும் நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். கடைசியில் பொறுக்கமுடியாமல் சொன்னாள்:

“அடியே, அந்த வண்டியில ஆளே இல்லடி.”

வியாழக்கிழமை ராத்திரி சின்னவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்தாள். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“பயமா இருக்கும்மா. முன்னாடி, எல்லாரும் நிப்பாங்கன்னு நெனச்சேன். இப்ப, எல்லாரும் இடிச்சிருவாங்கன்னு தோணுது. எப்ப நிக்கணும், எப்ப போகணும்னே குழப்பமா இருக்கு.”

“எனக்கும் உங்கப்பாவைக் கட்டிக்கும்போது அப்படித்தான் இருந்துச்சு,” என்றாள் அம்மா. “கண்ணை மூடிக்கிட்டுக் கழுத்தை நீட்டுனேன். நீ மட்டும் கண்ணைத் தொறந்துக்கிட்டே ஓட்டு.”

வெள்ளிக்கிழமை காலையில் லைசென்ஸ் ஆபீஸிலிருந்து டெஸ்ட் எடுக்க வந்தவர் ஒடிசலான மனிதர். தலையில் தொப்பி, மடியில் அட்டை, அட்டையில் செருகிய பேனா. “போம்மா” என்பதைத் தவிர வேறு சொல் தெரியாதவர்போல் உட்கார்ந்திருந்தார். வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தச் சொன்னார், நிறுத்தினாள். மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். வண்டி ஓர் அங்குலம்கூடப் பின்னால் உருளவில்லை. மூன்றாவது கியர் போட்டாள், கார் சும்மா குஷியாக ஓடியது. சைக்கிள்காரர் ஒருவருக்கு வழிவிட்டாள். நின்றுகொண்டிருந்த காருக்கு வழிவிடவில்லை. அவருடைய பேனா அசையவே இல்லை. ஆஸ்பத்திரி ரோட்டைத் தாண்டினால் ஆபீஸ். அவ்வளவுதான், முடிந்தது.

அப்போதுதான் ஆஸ்பத்திரிச் சந்திலிருந்து அந்த வெள்ளை வண்டியின் மூக்கு தெரிந்தது.

எந்த வண்டி என்று அவளுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்பாவுக்கு இன்று லீவு. காலையில் யாரோ போன் செய்திருக்க வேண்டும். வண்டிக்குப் பின்னால் விளக்குப் போட்ட கார்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அவளுக்கு முன்னால் போன பஸ் ஏற்கெனவே மெதுவாகி, ஓரம்கட்டி நின்றுவிட்டது. எதிரே வந்தவர்களும் நின்றுவிட்டார்கள். பிளாட்பாரத்தில் ஒருவர் சிகரெட்டைக் காலில் போட்டு மிதித்தார்.

ரோடு அவளுடையது. சந்திலிருந்து வருகிறவர்தான் நிற்க வேண்டும். காரணமில்லாமல் நின்றால் தப்பு. நீலக் கார் விவகாரத்துக்குப் பிறகு அக்கா காதில் ஓதியது இதுதான். ஆனால் அமரர் ஊர்தியின் குறுக்கே போவதா? அதுவும் அப்பா ஓட்டிவருகிற வண்டியின் குறுக்கே?

அவள் மனம் ஒரு முடிவுக்கு வரும் முன்பே கால் பிரேக்கை மிதித்துவிட்டது.

அப்பா அவளைப் பார்த்துவிட்டார். பயிற்சிக் காரின் பலகை, அதற்குக் கீழே மகளின் வெளிறிப்போன முகம். வெள்ளை வண்டி கோட்டுக்கு முன்னால் சட்டென்று நின்றது.

அவர் நின்றார். அவளும் நின்றாள். ஊரே நின்றது.

“ஏன்மா நிப்பாட்டுன?” என்றார் தொப்பிக்காரர்.

“சார்… அது… வண்டி வருது சார்.”

“ரோடு யாரோடது?”

“நம்மளோடது சார்.”

“அப்புறம் என்ன?”

சின்னவள் பக்கவாட்டில் திரும்பினாள். கேட்டவருடைய தொப்பி மடியில் இருந்தது. எப்போது கழற்றினார் என்று அவருக்கே தெரியாதுபோல. அவள் பார்ப்பதைக் கவனித்ததும் கொஞ்சம் கூச்சத்தோடு தொண்டையைச் செருமினார். “சட்டப்படி சொல்றேன்,” என்றார்.

எதிரே அப்பா கையை அசைத்தார், போ என்று. அவள் அசையவில்லை. பின்வரிசைக் கார்களிலிருந்து தலைகள் எட்டிப்பார்த்தன. அப்பா பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். பிறகு வண்டியை அணைத்து, சாவியை உருவி, அவளுக்குத் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினார். நான் நகரப்போவதில்லை, நீயே பார்த்துக்கொள் என்ற மாதிரி.

சின்னவள் கண்ணாடியைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். கிளட்ச், முதல் கியர். நின்றிருந்த பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு, வெள்ளை வண்டியின் மூக்குக்கு முன்னால் கார் கடந்தபோது, கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. ஸ்டியரிங்கை விட்டால் தப்பாகிவிடுமே என்று தலையை மட்டும் தாழ்த்தினாள். கியர் இரண்டு. மூன்று. ஆபீஸ் வாசலில் ஓரமாக நிறுத்தினாள்.

“நின்னதுக்கு ஒரு சின்னத் தப்பு போட்டிருக்கேன்,” என்றார் அவர், தொப்பியை மாட்டிக்கொண்டே. “மத்தபடி நல்லா ஓட்டுற. பாஸு. போம்மா.”

வாசலில் காத்திருந்த டபுள்பிரேக் அக்கா அவளைக் கட்டிப்பிடித்துச் சுற்றிய சுற்றில் செருப்பு ஒன்று பறந்துபோனது. நாய்க்காரம்மாவுக்குப் போன் போட்டார்கள். அங்கே ஏதோ ஒரு நாய் விடாமல் குலைத்ததில், “திங்கக்கிழமை… திங்கக்கிழமை…” என்பது மட்டும்தான் கேட்டது. அது போதும்.

சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்தபோது அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“நடுரோட்டுல வண்டியை அணைச்சுப் போட்டீங்களாமே? செத்தவரு வீட்டுக்காரங்க சும்மாவா விட்டாங்க?”

“பக்கத்துல அவரோட மகன்தான் உக்காந்திருந்தாரு. ‘ஏன் நிக்கிறோம்?’னு கேட்டாரு. என்ன பொய் சொல்றது? ‘அது என் பொண்ணு, டெஸ்ட் குடுத்துக்கிட்டிருக்கா’ன்னு சொல்லிட்டேன்.” அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். “இறந்தவரு பஸ் டிரைவராம். ‘எங்கப்பா இருந்தவரைக்கும் ஒருத்தருக்கும் வழி விட்டதில்லங்க, இன்னிக்காவது விடட்டும்’னாரு. அழுதுக்கிட்டே சிரிக்கிறாரு மனுஷன். மயானத்துல இறங்கினப்புறமும், ‘பொண்ணு பாஸாச்சா?’ன்னு என்னைக் கேட்டாரு.”

அம்மா இடுப்பிலிருந்து கையை எடுத்துவிட்டாள். அப்பா குளித்துவிட்டு வந்து, ஈரத் தலையோடு மகள் எதிரில் உட்கார்ந்தார். டெஸ்ட் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த ஒரு சின்னத் தப்பின் மேல் விரலை வைத்துக்கொண்டு யோசித்தார்.

“நீ நின்ன. சரி. நானும் நின்னேன், அதனால போன. அதுவும் சரி.” நிமிர்ந்து பார்த்தார். கிண்டலாகக் கேட்பதுபோலத்தான் ஆரம்பித்தார். ஆனால் முகத்தில் கிண்டல் இல்லை. “நான் நிக்காம வந்திருந்தேன்னு வையி. நாய் வேலை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நீ என்னம்மா பண்ணியிருப்ப?”

சின்னவள் வாயைத் திறந்தாள். ஊர்வலம் முடியும்வரை நின்றிருப்பேன் என்று சொன்னால், டெஸ்ட் போயிருக்கும், நாய்க்காரம்மாவின் வேனும் இன்னொருத்தி கைக்குப் போயிருக்கும். குறுக்கே போயிருப்பேன் என்று சொன்னால், அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதை எப்படிச் சொல்வது? அம்மா மடித்த துணியைக் கையில் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நிஜமாகவே, என்ன பண்ணியிருப்பாள்?