அக்காவின் நாவலில் மழை அதிகம்

தமிழின் மகத்தான நாவல் இன்னும் வெளிவரவில்லை என்றால், அதற்கு ஒரே காரணம் நான் இன்னும் எழுத உட்காராததுதான். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அம்மாவே, "பெரியவ பல் டாக்டர், சின்னவன் எழுத்தாளன்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்லூரி மலரில் வந்த என் கேலிக் கட்டுரைகளே அதற்குப் போதுமானதாக இருந்தன.

போன மாதம் அக்கா ஒரு நாவல் வெளியிட்டாள். இப்போது அம்மா சொல்வது: "பெரியவ பல் டாக்டர், நாவலும் எழுதுறா. சின்னவன் காலேஜ் போறான்."

குறை கண்டுபிடிக்கத்தான் அதைக் கையில் எடுத்தேன். முதல் அத்தியாயத்தில், ஒரு பல் டாக்டரிடம் முன்பின் தெரியாத ஒருவன் வந்து வாயைத் திறக்கிறான். அவன் கடைவாய்ப் பல்லில் அவள் செய்த 'கேப்' என்கிற பல்லுறை, ஓரத்தில் அவள் கைதவறி விழுந்த கீறலோடு. அதை அவள் போட்டுவிட்டது செத்துப்போன தன் புருஷனுக்கு.

புத்தகத்தை மூடிவிட்டுத் தண்ணீர் குடித்தேன். இது எனக்கல்லவா தோன்றியிருக்க வேண்டும்? இத்தனைக்கும் எனக்கும் பல் இருக்கிறது.

நல்லவேளை, இரண்டாம் அத்தியாயத்தில் அவள் அதைப் பற்றிக் கேட்டு, அவன் பதில் சொல்ல வாயெடுத்ததும் மழை பிடித்துக்கொண்டது. அவள் ஜன்னலோரம் போய் நின்றுவிட்டாள். அதற்கப்புறம் யாராவது எதையாவது கேட்டால் போதும், வானம் இருட்டிவிடும். கடைசியில் எல்லாரும் தொப்பலாக நனைந்தார்கள். அந்தப் பல்லுறை எப்படி அவன் வாய்க்கு வந்தது என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. பெரிய ஏமாற்றம். அதைவிடப் பெரிய நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை அவள் கிளினிக்குக்குப் போனேன். நோயாளிகள் இல்லை. இடுக்கிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"படிச்சியா?" என்றாள், திரும்பாமல்.

"படிச்சேன். குடையோட படிச்சிருக்கணும்."

"ஏண்டா?"

"என்ன எழுதறதுன்னு தெரியாதவங்கதான்க்கா மழையைக் கூப்பிடுவாங்க."

முகம் வாடும் என்று காத்திருந்தேன். சிரித்துவிட்டாள்.

"நெஜம்தான்டா. அந்த ஆளு என்ன பதில் சொல்லுவான்னு எனக்குத் தெரியவே இல்ல. நீ சொல்லேன்."

"இதெல்லாம் ஒரு விஷயமா? இப்பவே எழுதித் தரேன். நல்லா இருந்தா, வீட்ல எழுத்தாளன் யாருன்னு அம்மாகிட்ட நீயே சொல்லணும்."

"ஓ, அங்க வலிக்குதா உனக்கு? உக்காரு ராசா" என்று நோயாளி நாற்காலியைக் காட்டிவிட்டு, கழுவியதை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

தட்டில் மாதிரிக்கு வைத்திருந்த பிளாஸ்டர் தாடையை நகர்த்திவிட்டுக் காகிதத்தை வைத்தேன். எழுதினேன்: 'அவள் கேட்டாள், "இந்தப் பல்லுறை உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?"'

பிரமாதமான கேள்வி. அவன்தான் பதில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. நாற்காலியை ஏற்றிப் பார்த்தேன், இறக்கிப் பார்த்தேன். 'அவன் சொன்னான்' என்று எழுதி அடித்தேன். பிளாஸ்டர் தாடை இளித்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். எதிர்மாடியில் போர்வைகள் மொறுமொறுவென்று காய்ந்துகொண்டிருந்தன.

"என்னடா, பேசிட்டானா?" உள்ளிருந்து அக்காவின் குரல்.

"அவசரப்படாதக்கா. வாய்ல பஞ்சு இருக்கு."

உள்ளறைக் கதவைப் பார்த்தேன். சாத்தித்தான் இருந்தது. இடது கையால் காகிதத்தை மறைத்துக்கொண்டு எழுதினேன்:

'வெளியே லேசாகத் தூறல் விழத் தொடங்கியது.'